கூரை வெயிலில் கார் ஓட்ட எத்தனை பேனல் வேண்டும்?

கேள்வி இதுதான்: வீட்டு மாடியில் சோலார் போட்டு, அந்தக் கரண்டிலேயே மின்சாரக் கார் ஓட்ட முடியுமா? எத்தனை கிலோவாட் வேண்டும், பேட்டரியும் தனியாக வாங்க வேண்டுமா, கரண்ட் போனால் என்ன ஆகும், வீட்டில் இரண்டு கார் இருந்தால் சரிப்பட்டு வருமா?

முடியும், தாராளமாக முடியும். இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கூரையில் இடம் போதுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். அது அநேகமாகச் சிக்கலே இல்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு ஒன்று: காலை 10 மணியிலிருந்து மாலை 3 மணி வரை உங்கள் கார் எங்கே நிற்கும்? எத்தனை பேனல், எந்த சார்ஜர், பேட்டரி தேவையா, போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்தே மாறும்.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். மின் கட்டண பில்லில் வரும் 1 யூனிட் என்பது 1 கிலோவாட்-மணி. நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 18 யூனிட் எடுக்கும். சின்னக் கார் 12, 13-இல் முடித்துவிடும். கனமான எஸ்யூவி 20-ஐத் தாண்டும். தோராயமாக யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினால் 6.7 யூனிட். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் 10 முதல் 15 சதவீதம் சூடாகி வீணாகும், ஆகவே மீட்டரில் ஏறுவது ஏழரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட.

நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல், மழை நாள், மேகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். வெயில் குறைந்த, பூமத்திய ரேகையிலிருந்து மிகத் தள்ளியிருக்கிற நாடுகளில் இரண்டரைதான் தேறும். எனவே நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 2 முதல் 3 கிலோவாட். இப்போது வரும் 400 வாட் பேனல் ஒவ்வொன்றும் சுமார் 2 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். 5 பேனல் என்றால் 10 சதுர மீட்டர். ஒரு சாதாரண படுக்கையறையின் தரை அளவு கூட இல்லை. கூரை கவலை இத்தோடு போயிற்று.

இவ்வளவு சின்ன இடம் எப்படிப் போதும் என்று சந்தேகம் வரும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் விளங்கும். 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், யூனிட்டுக்கு 2 கிலோமீட்டர் கூட ஓடவில்லை என்று அர்த்தம். மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக் குழாய் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது. மின்சார மோட்டார் வாங்கிய கரண்டில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். பிரேக் போடும்போது கொஞ்சத்தைத் திரும்பப் பேட்டரிக்கும் அனுப்பும். அதனால்தான் அஞ்சு பேனலில் கார் ஓடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஆண்டு முழுவதற்குமான கூட்டல். ஆண்டுக் கணக்கில் 2 கிலோவாட் போதும். மணிக் கணக்கில் பார்த்தால் போதாது. விற்பனையாளர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை, சிலருக்கு அது தெரிவதும் இல்லை. 2 கிலோவாட் பேனல் 2 கிலோவாட்டை எட்டுவது குளிர்ந்த, தெளிவான நாளின் உச்சி வேளையில் கொஞ்ச நேரம்தான். கடும் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறைவதால், நல்ல கோடையில் பத்துப் பதினைந்து சதவீதம் அதிலேயே போய்விடும். காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கிடைப்பது உச்சத்தில் பாதிக்கும் கீழே. அதற்குள் ஃப்ரிட்ஜ், மின்விசிறி, மோட்டார் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துவிடும்.

இந்தப் பக்கம் காருக்கும் ஒரு கட்டாயம் இருக்கிறது. வீட்டில் வரும் ஏசி (மாறுதிசை) கரண்டில் சார்ஜ் போடுவதற்கான உலகத் தரத்தின்படி (ஐ.இ.சி. 61851) சார்ஜர் காருக்குச் சொல்லக்கூடிய குறைந்தபட்சக் கரண்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது சுமார் 1.4 கிலோவாட். அதற்குக் கீழே இறங்க முடியாது, நிறுத்தத்தான் முடியும். ஆகவே வீட்டுச் செலவு போக 1.4 கிலோவாட் உபரி இருந்தால்தான் நேரடி வெயிலில் சார்ஜ் தொடங்கவே தொடங்கும். 2 கிலோவாட் அமைப்பில் அந்த உபரி எப்போதாவது எட்டிப் பார்க்கும். 5 கிலோவாட் அமைப்பில் நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் நிற்கும். மூன்று ஃபேஸில் சார்ஜ் ஆகும் கார் என்றால் குறைந்தபட்சமே 4.1 கிலோவாட், அப்போது ஒற்றை ஃபேஸுக்குத் தானாக மாறிக்கொள்ளும் சார்ஜர் இல்லாவிட்டால் பெரும்பாலான நாட்களில் உபரி வெயிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எனவே என் பரிந்துரை: மின் நிறுவனம், நீங்கள் அதன் லைனுக்குத் திருப்பி அனுப்பும் உபரி யூனிட்டுக்கு ஈடாக அதே யூனிட்டைத் திருப்பித் தருகிறது என்றால் ஆண்டுக் கணக்கை வைத்துப் போடுங்கள். அப்படி இல்லை என்றால் மணிக் கணக்கை வைத்துப் போடுங்கள்; 5 கிலோவாட்டுக்குக் குறைய வேண்டாம்.

இனி கார் நிற்கிற இடத்துக்கு வருவோம். ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், இரவுப் பணியில் இருப்பவர்கள், வீட்டில் இரண்டாவதாக இருந்து மாலையில் மட்டும் வெளியே போகும் கார் — இவர்களுக்குச் சோலாரும் மின்சாரக் காரும் சேர்ந்து அமைவது போல வேறு யாருக்கும் அமையாது. காலை 9 மணிக்கு வெளியே போய் இரவு 7 மணிக்குத் திரும்பும் கார்தான் சிக்கல். வெயில் இருக்கும்போது கார் இல்லை, கார் வரும்போது வெயில் இல்லை.

ஆனால் அந்தச் சிக்கலும் தோன்றுகிற அளவுக்குப் பெரிதல்ல. செல்போனை தினமும் இரவில் சார்ஜ் போடுகிற பழக்கத்தில் காரையும் தினமும் முழுக்க நிரப்ப வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். தேவையில்லை. 45 யூனிட் பேட்டரி உள்ள கார் 270 கிலோமீட்டர் போகும். வாரத்தில் ஐந்து நாள், தினம் 40 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 200. வெள்ளிக்கிழமை இரவு வீடு திரும்பும்போது பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் 3 கிலோவாட் வீதம் ஐந்தைந்து மணி நேரம் போட்டால் 30 யூனிட். வாரம் முழுவதும் ஓடியதில் முக்கால்வாசிக்கு மேல் அங்கேயே தேறிவிடும். மிச்சத்துக்கு வார நடுவில் ஓர் இரவு சார்ஜ் போட்டால் போதும். பெரிய பேட்டரி உள்ள கார் வாங்குவதற்கு நீண்ட பயணத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். சோலார் வீட்டுக்காரருக்கு இது இன்னொரு காரணம். நல்ல வெயில் வரும் நாளுக்காகக் காத்திருக்க பெரிய பேட்டரி இடம் கொடுக்கும்.

வேலை நாட்களிலேயே வெயிலைப் பிடிக்க இன்னொரு வழி, பேனலைத் திருப்பி வைப்பது. வழக்கமாக வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியும் தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியும்தான் வைப்பார்கள். ஆண்டு மொத்தம் அதில்தான் அதிகம். மேற்கு நோக்கி வைத்தால் மொத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் உற்பத்தி மாலைப் பக்கம் நகரும். நான்கு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அந்த யூனிட்டுகள் அதிகம் பயன்படும். எல்லா பேனலையும் திருப்பச் சொல்லவில்லை. கூரை இரண்டு பக்கம் சரிந்திருந்தால் மேற்குப் பக்கத்தைக் காலியாக விட வேண்டாம் என்கிறேன்.

சரி, பணம். "சோலார் கரண்ட் இலவசம்" என்று சொல்வது பாதிதான் உண்மை. போட்ட பிறகு அந்த யூனிட்டை உற்பத்தி செய்யச் செலவில்லை. ஆனால் அதைக் காருக்குள் ஊற்றாமல் வெளியே அனுப்பியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ அதுதான் அதன் விலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். நெட் மீட்டரிங் முறையில் யூனிட்டுக்கு யூனிட் கழித்தால், மின் நிறுவனமே உங்களுக்கு இலவச பேட்டரி வைத்துக் கொடுத்த மாதிரி. எந்த நேரத்தில் சார்ஜ் போட்டாலும் ஒன்றுதான், நிம்மதியாக இரவில் போடுங்கள். அனுப்பும் யூனிட்டுக்கு, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்றால் பகலில் காரைச் சொருகி வைப்பது நேரடி லாபம். மூன்றாவது வகையும் உண்டு: இரவு நேர விலை, அனுப்பும் விலையைவிடக் குறைவு. அங்கே பகலில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு நள்ளிரவில் மலிவாக வாங்கிச் சார்ஜ் போடுவதுதான் புத்திசாலித்தனம். "என் கார் என் வெயிலில்தான் ஓட வேண்டும்" என்கிற ஆசைக்காரர்களுக்கு இது பிடிக்காது. பர்ஸுக்குப் பிடிக்கும்.

இந்த விதிகள் நிலையானவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் மின் கட்டமைப்பை இயக்கும் நிறுவனம் 2013-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. நடுப்பகலில் தேவை பள்ளமாக இறங்கி, சூரியன் சாய்ந்ததும் செங்குத்தாக ஏறும் அந்தக் கோட்டின் வடிவத்தைப் பார்த்து 'வாத்து வளைவு' என்று பெயர் வைத்தார்கள். கூரை சோலார் பெருகுகிற இடங்களில் எல்லாம் அந்தப் பள்ளம் ஆழமாகிறது. நடுப்பகல் யூனிட்டுக்கு மதிப்பு குறைகிறது. யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொண்டிருந்த பல இடங்களில் அந்த ஏற்பாட்டை மாற்றியும்விட்டார்கள். பேனல் 25 வருடம் இருக்கும். இன்றைய கட்டண விதி அவ்வளவு காலம் இருக்காது. பகலில் சார்ஜ் போடும் வசதியை இப்போதே செய்து வைத்தவருக்கு விதி எப்படி மாறினாலும் பெரிய நஷ்டம் வராது.

அந்த வசதி என்றால் என்ன? உபரியைப் பார்த்துக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் சார்ஜர். வீட்டின் மெயின் வயரைச் சுற்றி ஒரு சின்ன உணரியை மாட்டுவார்கள். வெளியே எவ்வளவு போகிறது என்று அது பார்த்துச் சொல்ல, சார்ஜர் 6 ஆம்பியருக்கும் 32 ஆம்பியருக்கும் நடுவில் ஏறி இறங்கும். நன்றாக வேலை செய்கிற சங்கதி. இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஒன்று, மேகம் வந்து போகும் நாளில் நிமிஷத்துக்கு ஒரு தரம் நின்று தொடங்கினால் சார்ஜரின் உள்ளே இருக்கும் சுவிட்சும் தேயும், கார் சில நேரம் பிழை என்று சொல்லி சார்ஜையே கைவிட்டுவிடும். உபரி விட்டுப்போனாலும் சில நிமிடங்கள் தாமதித்து நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள்; அந்த நேரத்தில் வெளியிலிருந்து கொஞ்சம் வாங்கினால் குடி முழுகிவிடாது. இரண்டாவது, மிகக் குறைந்த கரண்டில் சார்ஜ் போடுவது சிக்கனம் மாதிரி தெரியும், ஆனால் இல்லை. சார்ஜ் ஏறும்போது காரின் கணினிகள், பம்ப் எல்லாம் விழித்திருக்கும்; அவற்றுக்கே இருநூறு, முந்நூறு வாட் போகலாம். 1.4 கிலோவாட்டில் அது கணிசமான பங்கு, 3 கிலோவாட்டில் அவ்வளவாகத் தெரியாது.

இதற்கு விலை உயர்ந்த சார்ஜர் கட்டாயம் என்றும் இல்லை. பல கார்களின் திரையிலேயே கரண்டைக் குறைத்து வைக்கவும், நேரம் குறிக்கவும் முடியும். 10 ஆம்பியர், காலை 10 முதல் மாலை 3 என்று போட்டுவிட்டால் உபரி சார்ஜர் செய்வதில் பெரும்பகுதி நடந்துவிடும்.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம்: சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) ஒரு ஃபேஸில், கார் இன்னொரு ஃபேஸில் இருந்தால் என்ன ஆகும்? மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற மீட்டர் என்றால் கவலையே இல்லை. ஒவ்வொரு ஃபேஸையும் தனியாகப் பதிகிற மீட்டர் என்றால் ஒன்றில் விற்றுக்கொண்டே இன்னொன்றில் வாங்குவீர்கள். மீட்டர் எந்த வகை என்று மின் நிறுவனத்தில் எழுதிக் கேட்டுவிட்டு அப்புறம் வயரிங் செய்யுங்கள்.

வீட்டு பேட்டரி பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. காருக்காக மட்டும் வாங்காதீர்கள். வழக்கமான வீட்டு பேட்டரி 5 முதல் 15 யூனிட் பிடிக்கும். காரில் இருப்பது 40, 50, 60. சின்னப் பாத்திரத்தில் பிடித்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவதற்காகச் சின்னப் பாத்திரத்துக்கு இவ்வளவு பணம் கொடுப்பதில் பொருளில்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு: பேனலிலிருந்து வீட்டு பேட்டரிக்கு, அங்கிருந்து ஏசி கரண்டாக மாறி, காருக்குள் மறுபடி டிசி (நேர்த்திசை) கரண்டாக மாறி. நேரடியாகப் போட்டிருந்தால் போகாத பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகப் போகும். மாலை நேர விளக்கு, மின்விசிறி, ஏர் கண்டிஷனருக்காக பேட்டரி வைத்திருப்பது வேறு கதை, அது நியாயமான செலவு. அப்படி வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: இரவில் காரைச் சொருகியதும் வீட்டு பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் காருக்குள் கொட்டிவிடுகிறதா? பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. விடியும்போது பேட்டரி காலி, வீடு வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும். கார் லைனை இன்வெர்ட்டரின் உணரிக்கு முன்னால், மீட்டர் பக்கமாக எடுத்துவிட்டால் பேட்டரிக்குக் காரின் தேவை தெரியவே தெரியாது.

கரண்ட் போனால்? நல்ல வெயில் அடித்தாலும் மின் நிறுவன லைனோடு இணைந்தே ஓடும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் நின்றுவிடும். பழுது இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவருக்கு உங்கள் கூரையிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது. கரண்ட் இல்லாத நேரத்திலும் சோலார் வேலை செய்ய வேண்டும் என்றால் பேக்கப் வசதியுள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. அதிலும் காரைச் சார்ஜ் போடலாம் என்று ரொம்ப நம்பிவிட வேண்டாம். பேக்கப்பில் தரக்கூடிய திறனுக்கு எல்லை உண்டு. கார் அதைத் தனியாகவே சாப்பிட்டுவிடும். இன்னொரு விசித்திரமும் நடக்கும்: மெயின் கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறிய கார், பேக்கப்பில் எர்த் சரியில்லை என்று சொல்லி மறுக்கும். மெயின் துண்டானதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இருந்த இணைப்பும் சில அமைப்புகளில் துண்டாகிவிடுவதுதான் காரணம். நிறுவும்போதே மெயினை நிறுத்திவிட்டுக் காரைச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். மழை நாள் இரவில் கண்டுபிடிப்பதைவிட அது மேல்.

எதிர்த்திசையில் யோசிப்பது இன்னும் சுவாரஸ்யம்: காரிலிருந்து வீட்டுக்கு. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து மின்தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகு, நிஸான் 2012-இல் லீஃப் காரின் பேட்டரியால் வீட்டுக்குக் கரண்ட் தரும் அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாளுக்கு 10 யூனிட் செலவாகும் வீட்டை 50 யூனிட் கார் நான்கைந்து நாள் தாங்கும் என்பது சும்மா இல்லை. ஆனால் வீடு முழுவதற்கும் கொடுக்க இருவழி சார்ஜரும், அதை ஏற்கும் காரும், மின் நிறுவனத்தின் அனுமதியும் மூன்றும் ஒன்றுசேர வேண்டும். அந்தச் சார்ஜர் இன்னும் விலை குறைந்தபாடில்லை. இப்போதைக்கு எளிதாகக் கிடைப்பது வி2எல் என்ற வசதி. காரிலேயே பிளக் பாயிண்ட் இருக்கும். ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவை 3.6 கிலோவாட் வரை தரும். ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறிக்குத் தாராளம். அதை இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டு பிளக் பாயிண்டுக்குள் கொடுக்கும் 'குறுக்கு வழி' காட்டும் வீடியோக்கள் உலவுகின்றன. உயிர் போகும், செய்யாதீர்கள்.

பாதுகாப்பு என்று வந்துவிட்டதால் வயரிங்கையும் சொல்லிவிடுகிறேன். சோலார் வீட்டுக்கு மெதுவான சார்ஜிங்கே போதும் என்பதால் பலர் இருக்கிற பிளக் பாயிண்டிலேயே தொடங்குகிறார்கள். தொடங்கலாம், ஆனால் அந்த பாயிண்ட் வாட்டர் ஹீட்டர் மாதிரி கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும் சாதனத்தை நினைத்து வைத்தது. கார் ஐந்து மணி, எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த திருகு ஒன்று இருந்தால் போதும், பிளாஸ்டிக் உருகும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), நல்ல எர்த்திங். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 7.4 கிலோவாட் சார்ஜர் வைத்தால் 32 ஆம்பியர் மணிக்கணக்கில் போகும். அதற்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது வேண்டும், தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமனாக. கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி. விஷயத்தில்தான் எலக்ட்ரீஷியன்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காரிலிருந்து டிசி கசிவு வந்தால் சாதாரண ஆர்.சி.சி.பி. அதை உணராது, அதோடு மற்ற கசிவுகளையும் உணராத குருடாகிவிடும். 'பி' வகை போட வேண்டும், அல்லது சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் 'ஏ' வகை. சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

கார் பேட்டரிக்குப் பகல் சார்ஜிங் நல்லதுதான். 3 கிலோவாட் என்பது அதற்கு மிக மென்மையான வேகம். கெடுதல் செய்வது வெப்பமும், நிறைந்த நிலையில் நாள்கணக்கில் நிற்பதும். எனவே நிக்கல் கலந்த பேட்டரி என்றால் அன்றாடம் 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையென்றால் அவ்வப்போது, பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை, 100 வரை விடச் சொல்லி நிறுவனமே கையேட்டில் எழுதியிருக்கும். மிச்சம் எவ்வளவு என்று கார் சரியாகக் கணக்கிட அது உதவும். கொளுத்தும் வெயிலில் காரை நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள். இடம் இருந்தால் கார் நிறுத்தும் கூரையையே பேனலால் போடலாம். காருக்கு நிழல், வீட்டுக்குக் கரண்ட். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான், ஆனால் இரும்புச் சட்டத்தின் செலவு மாடியில் போடுவதைவிடக் கணிசமாகக் கூடும்.

குளிர்காலம் கடுமையாக இருக்கும் நாடுகளில் இருப்பவர்கள் கவனிக்க: டிசம்பரில் பேனல் தருவது கோடையில் தந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக்கூட இறங்கும். அதே மாதத்தில் பேட்டரியைச் சூடாக்கவும் உட்காருமிடத்தைச் சூடாக்கவும் காரின் செலவு ஏறும். ஆண்டுக் கூட்டல் சரியாக வந்தாலும் அந்த மூன்று மாதம் வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். எந்த வீட்டு பேட்டரியும் கோடையைக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்காது.

காரின் கூரையிலேயே பேனல் ஒட்டினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். கார் கூரையில் கிடைக்கும் இடம் ஓரிரண்டு சதுர மீட்டர். கோணமும் சரியில்லை, பாதி நேரம் நிழல். நாளுக்கு 1 யூனிட் தேறினாலே பெரிது, அதாவது 6 கிலோமீட்டர். இதை நம்பி வந்த சோனோ மோட்டார்ஸின் சியோன் கார் திட்டம் 2023-இல் கைவிடப்பட்டது. லைட்இயர் 0 காரின் உற்பத்தியும் தொடங்கிய சில வாரங்களிலேயே, 2023 ஜனவரியில் நின்றது. பேனலை வீட்டில் வையுங்கள்.

இரண்டு கார் உள்ள வீடு எப்படி? கேட்பதற்கு இரட்டிப்புச் சிக்கல், நடைமுறையில் எளிது. ஏதாவது ஒரு கார் பெரும்பாலும் பகலில் வீட்டில் இருக்கும் என்பதால் வெயில் வீணாகாது. இன்று எந்தக் கார் வீட்டில் இருக்கிறதோ அதைச் சொருகுங்கள். நாளை தூரம் போக வேண்டியவர் நிறைந்திருக்கும் காரை எடுத்துக்கொண்டு போகட்டும். "இது என் கார், அது உன் கார்" என்ற பிடிவாதம் மட்டும் வீட்டில் தளர வேண்டும். இரண்டுக்கும் இரண்டு சார்ஜர் தேவையில்லை. ஒரு சார்ஜரும் நீளமான கேபிளும் போதும், அல்லது சுமையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் இரட்டைச் சார்ஜர். இரண்டாவது கார் பழையதாகவே இருக்கலாம். பேட்டரி தேய்ந்து 120 கிலோமீட்டர்தான் போகிறது என்று மலிவாக விற்கப்படும் கார், தினம் 20 கிலோமீட்டர் ஓடி மதியம் வீட்டில் நிற்கிற வேலைக்கு இன்னும் பல வருடம் வரும். இரண்டு காரும் சேர்ந்து நாளுக்கு 60, 70 கிலோமீட்டர் என்றால் காருக்கு மட்டும் 3 முதல் 5 கிலோவாட் ஒதுக்குங்கள், வீட்டுக்கு வேண்டியது தனி.

கடைசியாக, எதை முதலில் வாங்குவது? கார் வாங்குவது உறுதி என்றால் காரை முதலில் வாங்கி, சில மாதம் ஓட்டி, மீட்டரில் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது, பகலில் எத்தனை நாள் வீட்டில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அந்த எண்ணை வைத்துச் சோலார் போட்டால் அளவு தப்பாது. சோலார் முதலில் போடுகிறவர்கள் கூரையில் இடம் இருக்கும்வரை பேனல் போட்டுவிடுவது நல்லது. வேலையாட்களும் பேனல் தாங்கும் சட்டமும் வயரும் ஏற்கெனவே வந்துவிட்ட பிறகு இன்னும் நான்கு பேனல் சேர்ப்பது மலிவு. மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்டால் அதே மாடல் கிடைக்காது, விலையும் புதிதாகப் பேச வேண்டும். இன்வெர்ட்டரில் காலியாக இன்னொரு ஸ்ட்ரிங் (பேனல் வரிசை) உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், மெயின் போர்டிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை ஒரு காலிக் குழாயை இப்போதே பதித்துவிடுங்கள்.